முதல் கையகலம்

வேதியியல் துறைத் தலைவர் மத்தாயி புன்னூஸ் சாருக்கு அழகான முகம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவருக்கு அறவே இல்லை. ஆனால் பேராறு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர நினைக்கிற ஒரு பிள்ளை ஃபோனில் துறையின் பக்கத்தைத் திறந்தால் முதலில் அந்த முகம் வரும். அடுத்து கோட்டு போட்ட அதே முகம் வரும். அதற்கடுத்து மந்திரியிடம் கைகுலுக்கும் அதே முகம். மூன்றும் நகர்ந்து முடிந்தபின் 'தலைவரின் மேசையிலிருந்து' என்று ஒரு நீண்ட வாழ்த்துரை. அதற்கும் கீழே, பொடி எழுத்தில், விண்ணப்பிக்கக் கடைசித் தேதி.

மற்ற துறைகள் மட்டும் என்ன வாழ்ந்தது? மலையாளத் துறையில் தேதி வலது மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும், துரத்திப் பிடித்தால்தான் படிக்கலாம். சட்டத் துறையில் கறுப்புப் பின்னணியில் கருஞ்சிவப்பு எழுத்து, படிப்பதற்கு வக்கீல் வைக்க வேண்டும். வரலாற்றுத் துறையின் பக்கத்தில் எப்போதோ ஓய்வுபெற்ற தலைவர் இன்னும் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். துறைக்கொரு கோலம், கோலத்துக்கொரு நிறம்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டியவள் பிரசீதா. கம்ப்யூட்டர் சென்டரில் வலைத்தளப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. அவளுக்குத் துணை ஹாரிஸ் என்ற புரோகிராமர். கொண்டோட்டிக்காரன். கைவேலையில் கெட்டி, வாய்க்குப் பூட்டு கிடையாது.

பிரசீதாவும் மற்றவர்களைப் போலத்தான் இருந்தாள். துறைக்காரர்கள் சொன்ன படத்தைச் சொன்ன இடத்தில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனாள். போன வருஷம் வரைக்கும்.

ஒவ்வொரு வருஷமும் கடைசித் தேதிக்கு மறுநாள் நிர்வாகக் கட்டடத்தின் விசாரணை ஜன்னலில் ஒரு கூட்டம் நிற்கும். தேதியைத் தவறவிட்ட பிள்ளைகள். 'சைட்ல போட்டிருந்தோமே' என்று சொல்லி அனுப்பிவிடுவது வழக்கம். போன வருஷம் ஜன்னலில் உட்காரும் ஆள் லீவு போட, பிரசீதாவை உட்கார வைத்தார்கள். மண்ணார்க்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த நஸ்ரின் என்ற பெண் தன் ஃபோனைக் கம்பிக்குள் நீட்டினாள்.

"தேதி எங்க இருக்கு சேச்சி? தெனமும்தான் பாத்தேன். ஒரு சார் போட்டோதான் வருது."

பிரசீதா விரலால் தள்ளினாள். மேலும் தள்ளினாள். அந்தப் பக்கத்தை ஏற்றியவளே அவள்தான், அவளுக்கே தேதியைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. அந்தப் பெண் சண்டை போடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே அழுதாள். மார்க் இருந்தது, வாப்பாவும் உம்மாவும் சம்மதித்திருந்தார்கள், படிக்க ஆசை இருந்தது. ஒரு தேதி மட்டும் கண்ணில் படவில்லை, ஒரு வருஷம் போயிற்று.

அன்று பிரசீதாவுக்கு வந்தது இரக்கம் இல்லை, வெட்கம். 

மறுநாளே வேலையைத் தொடங்கினாள். எல்லாத் துறைக்கும் பொதுவாக ஒரு வடிவமைப்பு. ஒரே பட்டன், ஒரே தலைப்பு, ஒரே எழுத்து, ஒரே அறிவிப்புக் கட்டம். வேண்டியதை எடுத்து அடுக்கிப் பக்கம் கட்டிக்கொள்ளலாம், ஆனால் எந்தத் துறையும் தனியாகச் செங்கல் அறுக்கக் கூடாது. விலை குறைந்த ஃபோனிலும் சட்டென்று திறக்க வேண்டும், பார்வையில்லாத பிள்ளைக்கு ஃபோனே அதைப் படித்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: ஃபோனைத் திறந்ததும் கண்ணில் படுகிற முதல் கையகலத்தில் தேதிப் பட்டை. அதற்கு மேலே பல்கலைக்கழகத்தின் பெயர் தவிர வேறெதுவும் கிடையாது. பிரசீதாவைப் பொறுத்தவரை அந்தக் கையகலத்துக்காகத்தான் மற்றதெல்லாம்.

படங்கள் இருக்கட்டும், கீழே 'எங்கள் ஆட்கள்' என்ற இடத்தில். ஒவ்வொருவருக்கும் தீப்பெட்டி அளவில் ஒரு கார்டு. படம், பெயர், வேலை, ஃபோன் நம்பர். தலைவரிலிருந்து துப்புரவுப் பணியாளர் வரை, அகர வரிசையில்.

அகர வரிசை என்று முடிவு செய்தபோது அவள் கொஞ்சம் யோசித்திருக்கலாம். வரிசை என்றால் எழுத்து வரிசை என்று நினைத்துவிட்டாள். பல்கலைக்கழகத்தில் வரிசை என்றால் நாற்காலி வரிசை. இத்தனை வருஷம் அங்கே சம்பளம் வாங்கியும் அது அவளுக்கு உறைக்கவில்லை.

துறைத் தலைவர்களைக் கூட்டி வைத்துத் திரையில் காட்டினாள். மாதிரிக்கு எடுத்துக்கொண்டது வேதியியல் துறை. தேதிப் பட்டையைப் பார்த்து இரண்டு பேர் தலையாட்டக்கூடச் செய்தார்கள். பிறகு 'எங்கள் ஆட்கள்' வந்தது. முதல் கார்டு அம்மிணி, துப்புரவுப் பணியாளர், வாய் கொள்ளாத சிரிப்பு. ஹாரிஸ் எடுத்த படம், சோதனைப் பக்கத்தின் லிங்க்கையும் அவருக்கு அனுப்பியிருந்தான். நாலைந்து கார்டு தாண்டி மணி, லேப் அட்டெண்டர். மணிக்குக் கீழே டாக்டர் மத்தாயி புன்னூஸ், பேராசிரியர், துறைத் தலைவர்.

மத்தாயி சார் எழுந்தார்.

"இது என்ன கூத்து? என் டிபார்ட்மெண்ட்ல நான் மணிக்குக் கீழயா?"

"எழுத்து வரிசை சார்," என்றாள் பிரசீதா.

"மயிரிழைதான் வித்தியாசம் சாரே," என்றான் ஹாரிஸ், கேட்காமலே. "உங்க அப்பன் ஒரு அப்புக்குட்டன்னு பேரு வச்சிருந்தா நீங்கதான் டாப்."

அதோடு கூட்டம் கலைந்தது. துணைவேந்தர், அதாவது விசி, பேச்சைக் குறைத்துக் கண்ணாடியை அதிகம் துடைக்கிற மனிதர். அவர் பிரசீதாவைக் கூப்பிட்டுச் சொன்னார், "தலைவர்களோட பேசி ஒரு வழிக்கு வாங்க. வெள்ளிக்கிழமை சிண்டிகேட் கூட்டம். அதுக்குள்ள சம்மதம் வரலேன்னா இத மூடி வச்சிருவோம். அவங்கவங்க பழையபடியே நடத்திக்கட்டும்."

மூடி வைப்பது என்றால் என்ன என்று பிரசீதாவுக்குத் தெரியும். அந்தக் கட்டடத்தில் மூடி வைத்தது எதுவும் திரும்பத் திறந்ததில்லை.

பயந்துபோய் விட்டுக்கொடுத்தாள். தலைவருக்கு மட்டும் ஒரு பெரிய கார்டு. ஒன்றுதானே, போகட்டும். ஆனால் இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் கூட்டம் அது. தலைவருக்குப் பெரிய கார்டு என்று தெரிந்ததும் டீன்கள் அதைவிடப் பெரிய கார்டு கேட்டார்கள். முன்னாள் தலைவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு நலம் விசாரித்தார்கள். துறையைத் தொடங்கிய காலஞ்சென்ற பேராசிரியருக்கு மாலை போட்ட கார்டு வேண்டும் என்று ஒருவர் கண்கலங்கினார். பெரிய கார்டு பக்கத்தின் உச்சியில்தான் அழகு என்றார் மத்தாயி சார். உச்சிக்குப் போயிற்று. நீளம் கூடிவிட்டது, ஆசிரியர் அல்லாதவர்களை எடுத்துவிடலாமே என்றார்கள். எடுத்தாள்.

எல்லாம் செய்து முடித்து, ஃபோனில் திறந்து பார்த்தாள். மத்தாயி சாரின் முகம் வந்தது. தள்ளினாள், டீன் வந்தார். தள்ளினாள், மாலை வந்தது. நஸ்ரினுக்குக் காட்டாத தேதி மறுபடியும் அடியில் கிடந்தது.

"சேச்சி," என்றான் ஹாரிஸ், "நம்ம பழைய சைட்டையே புது பெயிண்ட் அடிச்சுக் குடுத்திருக்கோம்."

பிரசீதா ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

வியாழக்கிழமை காலை அம்மிணி அறையைப் பெருக்க வந்தார். பெருக்கி முடித்தும் போகாமல் நின்றார்.

"என் படம் எங்க மோளே? துபாய்ல எம் மருமகன் தேடித் தேடிப் பாத்தானாம். கேன்டீன்ல எல்லார்கிட்டயும் நான்தான் மொதல்ல வர்றேன்னு சொல்லிட்டனே."

"அது... கொஞ்சம் மாத்திட்டோம் சேச்சி."

"மூஞ்சி நல்லா இல்லையா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல."

 அம்மிணி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நேராக ஊழியர் சங்க அறைக்குப் போனார்.

மத்தியானம் சங்கச் செயலாளர் சுகதன் வந்து சேர்ந்தார். கணக்குப் பிரிவு அதிகாரி. மைக் இல்லாமலே மூன்று மாடிக்குக் கேட்கிற குரல். கையில் ஒரு கட்டு நோட்டீஸ்.

"மேடம், உங்க மேல எனக்கு விரோதம் ஒண்ணுமில்ல. ஆனா நாளைக்கு ஸ்ட்ரைக்."

"எதுக்கு சகாவே?"

"பொது டிசைன்னு சொல்லி டைப்பிஸ்டுகள எல்லாம் வீட்டுக்கு அனுப்பப் போறீங்களாமே."

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? நோட்டீஸ் அடிச்சாச்சு. பத்தாததுக்கு இப்ப அம்மிணி சேச்சி வந்து அழுதிட்டிருக்கா. இருந்த படத்தையும் எடுத்துட்டீங்களாம்."

பிரசீதாவுக்கு அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. கணினித் திரையை அவர் பக்கம் வெடுக்கென்று திருப்பினாள்.

"பாருங்க. நான் பண்ணது இது. உங்க பெரிய மனுஷங்க பண்ண வச்சது இது. ஒரு டைப்பிஸ்டுக்கும் வேலை போகாது. ரெண்டையும் கண்ணால பாத்துட்டு அப்புறம் கோஷம் போடுங்க."

சுகதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். அவள் முதலில் செய்த வடிவத்தை மெதுவாகத் தள்ளிக்கொண்டே வந்தார். அம்மிணி, சீதாலட்சுமி டீச்சர், இன்னும் இரண்டு பேர், மணி. மணிக்குக் கீழே விரல் நின்றது.

"மணிக்குக் கீழ மத்தாயி!"

வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"சர்வீஸ்ல சேர்ந்த நாள்லேருந்து சமத்துவம் சமத்துவம்னு கத்திட்டிருக்கேன் மேடம். கண்ணால பாத்ததில்ல. இப்பத்தான் பாக்கறேன். தீப்பெட்டி சைஸ்ல இருக்கு." பிறகு கேட்டார், "இத ஏன் மாத்துனீங்க?"

"பயந்துட்டேன்."

"ம்."

"எனக்குக் கார்டு முக்கியமில்ல சகாவே. தேதிதான் வேணும். அது உச்சியில இருக்கணும், அவ்வளவுதான்." நஸ்ரினைப் பற்றிச் சொன்னாள்.  சுகதன் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் குறுக்கே பேசாமல் கேட்டதை ஹாரிஸ் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான்.

"தேதிக்கு எவனும் கொடி புடிக்க மாட்டான் மேடம்," என்றார் கடைசியில். "மூஞ்சிக்குப் புடிப்பான். அத என்கிட்ட விடுங்க. மூஞ்சிய நான் கீழ எறக்கறேன், தேதிய நீங்க மேல ஏத்திக்குங்க."

"அப்ப இந்த நோட்டீஸ்?" என்று கேட்டான் ஹாரிஸ்.

"பின்பக்கம் காலியாத்தானே இருக்கு? அதுல அடிப்போம்."

வெள்ளிக்கிழமை சிண்டிகேட் அறையில் கூட்டம் தொடங்கியபோது பிரசீதா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பொது வடிவமைப்பு என்று விசி வாயைத் திறந்ததும் மத்தாயி சார் மாலை போட்ட கார்டின் மகிமையைப் பேசத் தொடங்கினார். அப்போதுதான் கீழே சத்தம் எழுந்தது. முதலில் சுகதன் குரல், அதன் பின்னால் ஒரு கட்டடமே சேர்ந்து கத்துவதுபோல்.

"மேசை பெருசுன்னா மூஞ்சி பெருசா?"

"மூஞ்சி பெருசா? மூஞ்சி பெருசா?"

"நாற்காலி ஒசந்தா நெத்தி ஒசருமா?"

"நெத்தி ஒசருமா? நெத்தி ஒசருமா?"

"ஒரே அளவு! ஒரே கார்டு!"

எல்லோரும் ஜன்னலுக்கு வந்தார்கள். கொடிகளோடு ஊர்வலம் முற்றத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் அம்மிணி, ஓணத்துக்கு எடுத்த கசவுப் புடவையில், கை முஷ்டியை உயர்த்திக்கொண்டு. பக்கத்தில் மணி, கூச்சத்தில் நெளிந்தபடி, ஆனால் கத்தியபடி. ஒரு வலைத்தளத்தின் கட்டத்துக்காக உலகத்தில் எங்காவது ஊர்வலம் போயிருக்கிறார்களா என்று பிரசீதாவுக்குத் தெரியாது. 

"ஒரு சங்கம்தானே," என்றார் மத்தாயி சார். "கத்திட்டுப் போயிருவாங்க."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, நூலகத்துப் பக்கமிருந்து இன்னொரு ஊர்வலம் வந்தது. வேறு நிறக் கொடி. எதிர்ச் சங்கம். சுகதன் ஒரு விஷயத்தைப் பிடித்துவிட்டால் அவர்கள் சும்மா இருப்பார்களா? அவர் ஒரு படி ஏறினால் இவர்கள் இரண்டு படி ஏறியாக வேண்டும். ஒரே அளவு படம் என்ற கோரிக்கையைச் சுகதன் எடுத்துக்கொண்டதால் இவர்களுக்கு மிச்சமிருந்தது ஒன்றுதான்.

"படமே வேண்டாம்! பவிசே வேண்டாம்!"

"பாடம் நடத்து! படத்தை எடு!"

 மத்தாயி சாரின் முகத்தில் ரத்தம் இல்லை. மந்திரியோடு கைகுலுக்கிய படம், கோட்டுப் படம், எல்லாம் அவர் கண்முன்னே ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்திருக்க வேண்டும். கீழே இரண்டு சங்கமும் போட்டி போட்டுக்கொண்டு கத்த, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

விசி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொல்லுங்க மத்தாயி. எது உங்களுக்குச் சம்மதம்? ஒரே அளவா, இல்ல படமே வேண்டாமா?"

"ஒரே அளவு," என்றார் மத்தாயி சார். "நான் ஆரம்பத்துலேருந்தே அதத்தானே சொல்லிட்டிருக்கேன்?"

சட்டத் துறைத் தலைவர் அதை வழிமொழிந்தார். வரலாறு ஆமோதித்தது. பெரிய கார்டைக் கேட்டது யார் என்று அந்த அறையில் ஒருவருக்கும் நினைவில்லை.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும். பிரசீதா எழுந்தாள். 

"இன்னொண்ணு சார். முதல் கையகலம். ஃபோனைத் தெறந்ததும் கடைசித் தேதி தெரியணும். எந்தத் துறையும் அதுக்கு மேல எதையும் வைக்கக் கூடாது. இதையும் விதியா எழுதணும்."

"ஏதாவது விசேஷம் வந்தா?" என்றார் சட்டத் துறைத் தலைவர். "கருத்தரங்கு, பொன்விழா..."

"கீழ சார்."

"மந்திரி வந்தா?"

"மந்திரியும் கீழ."

"நாங்க எல்லாம் எங்கதான் போறது?" என்றார் மத்தாயி சார், பரிதாபமாக.

"மணிக்குப் பக்கத்துல சார். நல்ல எடம்தான்."

முதலில் சிரித்தது விசி. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை, அதனால் மற்றவர்களும் பயந்துபோய்ச் சிரித்தார்கள். கீழேயிருந்து 'படமே வேண்டாம்' மறுபடி உரத்து எழுந்தது.

"பாஸ்," என்றார் விசி. "எல்லாமே பாஸ். யாராவது போய் அவங்களுக்குச் சொல்லுங்க, காது வலிக்குது."

பிரசீதா படிகளில் ஓடினாள். முற்றத்தில் அவள் தலையைக் கண்டதுமே சுகதனுக்குப் புரிந்துவிட்டது. "ஜெயிச்சோம்!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாமரத்துக் காக்கைகள் கிளம்பின. எதிர்ச் சங்கத்தார் தாங்கள்தான் ஜெயித்ததாகத் தனியாக ஒரு கோஷம் போட்டார்கள். போடட்டும். அம்மிணி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கட்டன் சாயாவும் பரிப்புவடையும் வந்தது. ஹாரிஸ் வாயில் வடையோடு ஏதோ சொன்னான், முதல்முறையாக அவன் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்த சேர்க்கைக் காலத்துக்குள் எல்லாத் துறையும் மாறியது. ஓடுகிற எழுத்து நின்றது, கருஞ்சிவப்பு வெளுத்தது, ஓய்வுபெற்ற வரலாற்றுத் தலைவருக்கு ஒருவழியாக ஓய்வு கிடைத்தது. மத்தாயி சார் மட்டும் தீப்பெட்டி அளவுக்குப் பொருந்தும்படி ஸ்டுடியோவுக்குப் போய்ப் புதுப் படம் எடுத்துவந்தார். அதிலும் அழகாகத்தான் இருந்தார், அதைச் சொல்லியாக வேண்டும்.

கடைசித் தேதிக்கு மறுநாள் வந்தது. பிரசீதா யாரும் சொல்லாமலே போய் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்தாள். காலை போயிற்று. ஒருவரும் வரவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. ஹாரிஸ் எட்டிப் பார்த்தான்.

"என்ன சேச்சி, இன்னைக்கு ஹர்த்தாலா?"

"வாயக் கழுவு. மத்தியானம் வரைக்கும் பாப்போம்."

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கம்பிக்கு வெளியே ஒரு முக்காடு தெரிந்தது.  நஸ்ரின். அதே பெண்தான், ஒரு வருஷம் வளர்ந்திருந்தாள்.

எல்லாத் துறையையும் மாற்றினோமே, எதில் விட்டோம்? எந்தப் பக்கத்தில் தேதி கீழே இறங்கியது?

"என்னாச்சு மோளே? தேதி தெரியலையா?"

"தெரிஞ்சுது சேச்சி. தெறந்ததுமே தெரிஞ்சுது. மொத நாளே அப்ளை பண்ணிட்டேன்."

"அப்புறம் ஏன் வந்தே?"

நஸ்ரின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். போன வருஷம் பிடித்த அதே கம்பி.

"போன தடவ இங்க நின்னு அழுதுட்டுப் போனேன்ல. அதே எடத்துல நின்னு ஒரு தடவ சிரிச்சுட்டுப் போகலாம்னு வந்தேன்."

சிரித்தாள்.  இந்த வருஷமும் அந்த ஜன்னலில் ஒருத்தி அழுதாள், உள்பக்கத்தில். நஸ்ரின் கம்பிக்குள் கையை விட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.